வயதோடு காரணத்தையும் சொல்லுங்கள்: திரைப்படச் சான்றிதழ் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியத்தின் சென்னை மண்டல அலுவலர் அவர்களுக்கும், ஆலோசனைக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

படத்தைப் பார்த்துச் சான்றிதழ் கொடுப்பதோடு உங்கள் வேலை முடிந்துவிடுகிறது. அந்தச் சான்றிதழை நம்பிப் பிள்ளையைத் தியேட்டருக்கு அழைத்துப் போகலாமா, வேண்டாமா என்று முடிவு செய்யும் எங்கள் வேலை அங்கேதான் தொடங்குகிறது. அந்த முடிவை எடுக்கத் தேவையான தகவல் உங்களிடம் இருக்கிறது. எங்களிடம் இல்லை. அதைக் கேட்டுத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

தென் மாவட்டப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள். சின்னவனுக்கு ஆறு வயது, பெரியவளுக்குப் பதினான்கு. சினிமா பிடிக்காத குடும்பம் இல்லை எங்களுடையது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எல்லோரும் சேர்ந்து படத்துக்குப் போவது என் அப்பா காலத்திலிருந்து வரும் வழக்கம். பெரிய நடிகர் படம் என்றால் தாத்தா பாட்டியும் கிளம்பிவிடுவார்கள். தமிழ்நாட்டில் நிறைய வீடுகளில் இப்படித்தான். புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் தனியாகப் படத்துக்குப் போய்வருவது பலருக்கு நடக்காத காரியம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருக்காது, விட்டுவிட்டுப் போக மனசும் வராது. அதனால் "இந்தப் படத்துக்கு ஏன் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள்?" என்று பெற்றோரை மட்டும் கடிந்துகொள்வதில் பாதி நியாயம்தான் இருக்கிறது.

1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் 2023இல் திருத்தப்பட்டபோது நான் உண்மையாகவே மகிழ்ந்தேன். 1983 முதல் யு/ஏ, அதாவது பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்று ஒரே வகையாகக் கிடந்த படங்களை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். 2016இல் இயக்குநர் ஷியாம் பெனகல் தலைமையிலான குழு பரிந்துரைத்ததும் ஏறக்குறைய இதைத்தான். அந்தக் குழு 12, 15 என்று வகுத்திருந்தது. 2024 மார்ச்சில் புதிய விதிகள் வந்தன. அந்த ஆண்டின் கடைசியிலிருந்து புதிய முத்திரையோடு படங்களும் வரத் தொடங்கின. பன்னிரண்டு வயதுக்குக் கீழே எல்லோருக்கும் பொத்தாம்பொதுவாக 'பெற்றோர் வழிகாட்டுதல்' என்று போட்டதைவிட இது எவ்வளவோ தேவலை.

ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. இந்த வயது முத்திரை பெற்றோரும் காப்பாளரும் கருத்தில் கொள்வதற்குத்தான். அவர்களைத் தவிர வேறு யாரும் அதை அமல்படுத்த முடியாது. அதாவது 16+ படத்துக்கு ஐந்து வயதுக் குழந்தையோடு போனாலும் தியேட்டர்காரர் தடுக்க முடியாது. வாசலில் தடை என்பது பெரியவர்களுக்கு மட்டுமான 'ஏ' படத்துக்கு மட்டும்தான். இந்த ஏற்பாட்டில் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் பிள்ளை எதைப் பார்க்கலாம் என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும். சரி. ஆனால் முழுப் பொறுப்பையும் என் தலையில் ஏற்றிவிட்டு, கையில் ஓர் எண்ணை மட்டும் கொடுத்தால் நான் என்ன செய்வது? 13+ என்றால் எதனால் 13+? ரத்தமா, கெட்ட வார்த்தையா, பேயா, போதைப் பொருளா, பாலியல் வன்முறையா, தற்கொலையா? படத்தின் தொடக்கத்தில் சான்றிதழ் திரையில் வருகிறதே என்று கேட்கலாம். அதற்குள் டிக்கெட் வாங்கி, வண்டியை நிறுத்தி, பிள்ளைகளோடு சீட்டில் உட்கார்ந்தாகிவிட்டது. அதிலும் படத்தின் பெயரும் நீளமும் பார்த்த குழுவினரின் பெயர்களும் தெரியும். எதனால் இந்த வயது என்பது தெரியாது.

எண் மட்டும் ஏன் போதாது என்பதைக் குழந்தைகளோடு பழகுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆறு ஏழு வயதுவரை குழந்தையைப் பயமுறுத்துவது கண்ணுக்குத் தெரிகிற உருவம். கதைப்படி அந்த உருவம் நல்லதா கெட்டதா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. சட்டென்று மாறும் முகம், வெளுத்துப்போன கண்கள், காதைப் பிளக்கும் சத்தம் இவைதான் ராத்திரியில் திரும்ப வரும். பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கும் நகைச்சுவைப் பேய்ப் படம், என் சின்னவன் வயதுக்காரனுக்கு ஒரு வாரத் தூக்கத்தைக் கெடுக்கும் படமாவது இதனால்தான். 'அது நல்ல பேய்டா' என்று எவ்வளவு விளக்கினாலும் பயன் இல்லை.

ஒன்பது, பத்து வயதில் பயம் இடம் மாறுகிறது. பேய் கிடையாது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். ஆனால் குழந்தைகளைக் கடத்துவார்கள், அப்பாவை யாராவது வெட்டிவிடலாம், அம்மா விபத்தில் சாகலாம் என்பதும் தெரியும். ஒரு சொட்டு ரத்தம்கூடக் காட்டாமல், பள்ளி விட்டு வரும் குழந்தையை வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு போகும் காட்சி, அந்த வயதில் பத்துச் சண்டைக் காட்சிகளைவிட ஆழமாக இறங்கும். வெட்டுக்கும் ரத்தத்துக்கும் மட்டும் கணக்குப் பார்த்து வயது நிர்ணயித்தால் இது கணக்கிலேயே வராது.

பதின்மூன்று, பதினான்கில் பயப்படுவதே குறைந்துவிடுகிறது. அங்கே கவலை வேறு. எப்படி நடந்துகொள்கிறவனுக்குத் திரையில் மரியாதை கிடைக்கிறது, என்ன செய்தால் பின்னணி இசை உயர்கிறது, எந்த இடத்தில் தியேட்டரே எழுந்து விசில் அடிக்கிறது என்பதை அந்த வயது உற்றுக் கவனிக்கிறது.

இதை நான் வகுப்பறையில் பார்க்கிறேன். பெரிய படம் ஒன்று வந்தால் அடுத்த திங்கட்கிழமை பையன்களின் நடையே மாறியிருக்கும். கழுத்தை அறுப்பதுபோலக் கையால் காட்டிக்கொள்வார்கள். பெரும்பாலும் இது விளையாட்டுதான். எங்கள் தலைமுறைப் பையன்களும் சாக்பீஸை சிகரெட்டாக வைத்து ஸ்டைல் காட்டியவர்களே. படம் பார்த்தவன் எல்லாம் அரிவாள் எடுப்பான் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை.

எனக்குப் பெரிய கவலை வேறொன்று. வேண்டாம் என்று சொன்ன பெண்ணை நாயகன் பேருந்து நிறுத்தம், கல்லூரி வாசல், வீட்டுத் தெரு என்று விடாமல் பின்தொடர்கிறான். ஒரு பாட்டு முடிவதற்குள் அவள் சிரித்துவிடுகிறாள். தமிழ்ப் படங்களில் இப்படி எத்தனை பார்த்துவிட்டோம்! ரத்தம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, ஆகவே அது யார் கண்ணையும் உறுத்துவதில்லை. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, இந்த மாதிரிக் காட்சிகளைப் பற்றித் தமிழ்நாட்டில் பெரிய விவாதமே நடந்தது. அந்தக் கொலைக்கு ஏதோ ஒரு படம் காரணம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் அன்று நடந்த விவாதம் சான்றிதழில் ஒரு வரியாகக்கூட வந்து சேரவில்லை என்பது எனக்கு வருத்தம். பின்னால் சுற்றுகிறவனைப் பற்றி என்னிடம் சொல்லவரும் பெண் பிள்ளைகளில் சிலர், "அவன் நிஜமாவே லவ் பண்றான் போல மிஸ்" என்று சொல்லித் தயங்குகிறார்கள். பயப்பட வேண்டுமா, பெருமைப்பட வேண்டுமா என்று அவர்களுக்குப் புரிவதில்லை. 'பெண்ணை விடாமல் பின்தொடர்ந்து தொந்தரவு செய்வது இந்தப் படத்தில் காதலாகக் காட்டப்படுகிறது' என்று ஒரு வரி முன்கூட்டியே தெரிந்தால், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரும் வழியில் பெரியவளோடு பேச வேண்டியதைப் பேசிவிடுவேன். படத்துக்கே போகக் கூடாது என்று முடிவெடுக்க வேண்டிய அவசியம்கூட இருக்காது.

இப்போது 2025 ஆகஸ்ட் 14 அன்று வெளியான 'கூலி' விஷயத்துக்கு வருகிறேன். ரஜினிகாந்த் படம், சுதந்திர தின விடுமுறை, சான்றிதழோ ஏ. ரஜினி படம் என்றாலே குடும்பப் படம் என்ற நம்பிக்கையில் டிக்கெட் எடுத்துப் பிள்ளைகளோடு வந்த பலரைத் தியேட்டர் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். சட்டப்படி அது சரிதான். பிறகு யு/ஏ கேட்டுத் தயாரிப்புத் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மனு தள்ளுபடியானது. இதைவிட வன்முறை கூடிய படங்களுக்கு யு/ஏ கிடைத்திருக்கிறதே என்பது அவர்கள் வைத்த வாதங்களில் ஒன்று. அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று பேச நான் வரவில்லை. ஆனால் அதே கேள்வி டீக்கடைகளிலும் ஆசிரியர் அறையிலும் கேட்கப்பட்டது. யாரிடமும் பதில் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் எதனால் இந்த வயது என்று நீங்கள் பொதுவில் எழுதிவைத்திருந்தால், இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாங்களே ஒப்பிட்டுப் பார்த்திருப்போம். உங்கள் முடிவு சரி என்றால் அந்தக் காரணங்களே உங்களுக்காகப் பேசியிருக்கும். தவறு என்றாலும் தெரிந்திருக்கும்.

சான்றிதழ்மேல் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நம்பிக்கை குறைந்ததற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. தமிழ்நாட்டில் 2006 முதல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு இருந்தது. 2011இல் எல்லோரும் பார்க்கலாம் என்னும் யு சான்றிதழும் இருந்தால்தான் விலக்கு என்று அரசு நிபந்தனை போட்டது. நோக்கம் நல்லதுதான். நடந்தது என்ன? யு என்பது வசூலோடு பின்னிக்கொண்டது. அடிதடிப் படம் எடுத்தவர்களும் அங்கே இரண்டு விநாடி வெட்டி, இங்கே ஒரு வார்த்தையை மியூட் செய்து எப்படியாவது யு வாங்கிவிடப் பாடுபட்டார்கள். 2017இல் ஜிஎஸ்டி வந்து அந்தக் கேளிக்கை வரியே போகும்வரை இது நடந்தது. யு போட்டிருந்தாலும் உள்ளே என்ன வேண்டுமானாலும் இருக்கும் என்று பெற்றோர் பழகிப்போனது அந்த ஆண்டுகளில்தான். இன்றைக்கும் 'ஏ' படத்தை அப்படியே தொலைக்காட்சியில் போட முடியாது என்பதால், சாட்டிலைட் உரிமையை நினைத்து 'ஏ'வைத் தவிர்க்கும் அவசரம் தயாரிப்பாளர்களுக்கு இருக்கவே செய்கிறது. நாலு இடத்தில் வெட்டி யு/ஏ வாங்கிய படம், 'இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக' என்ற அறிவிப்போடு பண்டிகை நாளில் பட்டப்பகலில் நடு வீட்டுக்கு வந்துவிடுகிறது. வெட்டின இரண்டு விநாடி போனதே தவிர, படத்தின் போக்கு அப்படியேதான் இருக்கிறது.

உங்களுக்கென்று மத்திய அரசு 1991இல் வகுத்த வழிகாட்டு நெறிகளிலேயே, ஒரு படத்தை அதன் ஒட்டுமொத்தத் தாக்கத்தை வைத்து மதிப்பிட வேண்டும் என்று இருக்கிறது. யு கொடுக்கும் படம் குழந்தைகள் உள்படக் குடும்பத்தார் எல்லோரும் சேர்ந்து பார்க்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அருமையான வரிகள். ஆனால் வெட்டு, மியூட் என்று துண்டு துண்டாகப் பேரம் நடக்கும் இடத்தில் ஒட்டுமொத்தத் தாக்கம் எப்படி நிற்கும்?

நான் வெட்டச் சொல்லி எழுதவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்துக்குக் கொடுத்த யு சான்றிதழை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, 1989இல் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்தது. கருத்துச் சுதந்திர வழக்குகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது. இயக்குநர்கள் கடுமையான படங்களை எடுக்கட்டும். சாதிக் கொடுமையையும் காவல் நிலைய வன்முறையையும் காட்டிய சில படங்களை என் பெரியவள் இன்னும் ஓரிரு வருடத்தில் பார்த்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். அவற்றிலும் அடி உண்டு, ரத்தம் உண்டு. ஆனால் அந்த அடி வலிக்கிறது. நாயகன் நூறு பேரை வெட்டிவிட்டுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நடக்கும் படத்தில் யாருக்கும் வலிப்பதில்லை. இரண்டுக்கும் ஒரே 16+ போட்டால் அந்த வித்தியாசம் எனக்கு எப்படித் தெரியும்?

இது முடியாத காரியமும் இல்லை. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓடிடி தளங்கள் இதே வயது வகைகளோடு, படத்தில் என்ன மாதிரி உள்ளடக்கம் இருக்கிறது என்ற குறிப்பையும் காட்ட வேண்டும். 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதியும் வைக்க வேண்டும். அதையும் உங்களையும் கவனிப்பது அதே தகவல் ஒலிபரப்பு அமைச்சகம்தான். போனில் பார்த்தால் 'வன்முறை, மோசமான மொழி' என்று ஒரு குறிப்பாவது வருகிறது. குடும்பத்தோடு ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவழித்துப் பெரிய திரையில், காது அதிரும் சத்தத்தில் பார்க்கப் போகும்போது அந்தக் குறிப்பு இல்லை. புகை பிடிக்கும் காட்சி வந்தால் ஓரத்தில் எச்சரிக்கை வர வேண்டும் என்று 2012 முதல் விதி இருக்கிறது. விலங்குகள் துன்புறுத்தப்படவில்லை என்ற அறிவிப்பும் தவறாமல் வருகிறது. இரண்டுமே வேண்டியவைதான். அவற்றுக்குக் காட்டிய அக்கறையில் கொஞ்சம் குழந்தைகளுக்கும் வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

லண்டனில் இருக்கும் என் உறவினர்கள் அங்கே தமிழ்ப் படம் பார்க்கப் போகும் முன் செய்வதைப் பார்த்து எனக்கு ஏக்கமே வந்தது. பிரிட்டனில் 1912 முதல் இயங்கிவரும் வகைப்பாட்டு வாரியம் ஒவ்வொரு படத்துக்கும் வயதோடு ஒரு வரிக் காரணமும் தருகிறது. 'கடுமையான வன்முறை, காயக் காட்சிகள்' என்பதுபோல. இன்னும் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு விரிவான குறிப்பும் உண்டு. அதைப் படிக்காமல் இருக்கவும் வசதி இருப்பதால் கதை தெரிந்துவிடுமே என்ற பிரச்சினை வருவதில்லை. இங்கே யு/ஏ வாங்கிய அடிதடிப் படங்கள் அங்கே 15 வாங்குவது சாதாரணம். அப்படி வாங்கினால் அப்பா அம்மா கூட வந்தாலும் பதினைந்துக்குக் குறைந்த பிள்ளைக்கு அனுமதி இல்லை. அந்தக் கண்டிப்பு நமக்கு ஒத்துவருமா என்பது வேறு விஷயம். சிங்கப்பூரிலும் வகையோடு சேர்த்துக் காரணக் குறிப்பு உண்டு. ஆக, அதே தமிழ்ப் படத்தில் என்ன இருக்கிறது என்பது லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கிற அம்மாவுக்குத் தெரிகிறது, சிங்கப்பூர் தேக்காவில் இருக்கிற அம்மாவுக்குத் தெரிகிறது. அந்தப் படம் எடுக்கப்பட்ட ஊரில் இருக்கிற எனக்குத் தெரிவதில்லை.

வசூல் குறையும் என்று தயாரிப்பாளர்கள் பயப்படலாம். என்ன இருக்கிறது என்று தெரிந்து வருகிற குடும்பம் இடைவேளையில் எழுந்து போகாது, மறுநாள் பத்துப் பேரிடம் குறை சொல்லாது என்பதை அவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கு உகந்த படம் என்றால் அதைச் சொல்லவும் இதே வரி உதவும். நல்ல பிள்ளைகள் படங்கள் பெயர் தெரியாமலே ஒரு வாரத்தில் தியேட்டரை விட்டுப் போவதை எத்தனையோ முறை பார்க்கிறோம்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். வயது முத்திரைக்குப் பக்கத்தில், எதனால் அந்த வயது என்பதை இரண்டு வரியில், எங்கள் ஊர் அம்மாக்கள் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் எழுதுங்கள். அது போஸ்டரிலும், டிக்கெட் புக் செய்யும் ஆப்பிலும், சின்ன ஊர்களில் கவுன்டர் பக்கத்துச் சுவரிலும் இருக்கட்டும். விரிவான காரணத்தை உங்கள் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். இந்த வரிகளை எழுதுகிற குழுவில் பள்ளி ஆசிரியர் ஒருவரோ, குழந்தை மனநலம் தெரிந்த மருத்துவர் ஒருவரோ கட்டாயம் இருக்கட்டும். பெண்களுக்குக் குழுக்களில் இடம் வேண்டும் என்று விதி கொண்டுவந்தது நல்ல முன்னேற்றம். குழந்தைகளை அறிந்தவர்களுக்கும் அதே மாதிரி ஓர் இடம் வேண்டும்.

ஏப்ரல், மே மாதங்களில்தான் பிள்ளைகள் அதிகம் தியேட்டருக்கு வருகிறார்கள். வரும் கோடை விடுமுறைப் படங்களிலிருந்தே இதைத் தொடங்க முடியுமா என்று பாருங்கள். இதில் சென்னை அலுவலகமே செய்யக்கூடியது எது, மும்பைத் தலைமையகமோ டெல்லி அமைச்சகமோ சம்மதிக்க வேண்டியது எது என்று மட்டும் பிரித்து ஒரு பதில் எழுதுங்கள். அங்கே கேட்க வேண்டியதை நாங்கள் அங்கே கேட்டுக்கொள்கிறோம். எங்கள் பள்ளி பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் கையெழுத்துப் போட ஆட்கள் தயாராக இருக்கிறார்கள்.

நன்றி.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்புத் தமிழாசிரியை ஒருவர்